பேர் மாறும் வரை

பழைய வண்டி வாங்கி விற்கிற கடையை எங்கள் பக்கம் கன்சல்டிங் என்பார்கள். திருநெல்வேலியில் அப்படி ஒரு கடையில் வண்டி துடைக்கிற பையனாகச் சேர்ந்தேன். இன்று அதே ஊரில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டு, இருசக்கர வண்டிகளை மட்டும் பார்க்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சாவியையும் மற்றவர் பணத்தையும் கை மாற்றிக்கொள்ளும்போது நடுவில் நிற்பது என் வேலை. இப்போது ஆளாளுக்குக் கைபேசியிலேயே படம் போட்டு, நடுவில் ஆளில்லாமல் வாங்கவும் விற்கவும் செய்கிறார்கள். கமிஷன் மிச்சம், நல்லதுதான். ஆனால் நடுவில் நின்றவன் என்னென்ன பார்த்தான் என்பதையும் யாராவது கற்றுக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கும், சொந்த வண்டியைத் தாங்களே விற்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஆள், தாள், இரும்பு, பணம், பேரு. அந்தக் கடை முதலாளி அண்ணாச்சி சொல்லித் தந்த தொழில் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். முதலில் ஆளைப் பார். அடுத்து தாளைப் பார். பிறகு இரும்பைத் தொடு. அதற்கப்புறம்தான் பணம். கடைசியில் பேர் மாற்றம். வரிசையை மாற்றினால் அண்ணாச்சி கோபப்படுவார். பணத்தை வாங்கி வைத்துவிட்டுத் தாள் பார்த்தால், தாளில் இருக்கிற குறை கண்ணில் படாது என்பார். கையில் காசு ஏறியபின் மனசு அந்தக் காசுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். இந்த வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். கல்லூரிப் பேராசிரியர் வந்தாலும், அழுக்குச் சட்டையோடு ஒரு பையன் வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே சோதனை. எல்லாரிடமும் கேட்கிற கேள்வி யாரையும் புண்படுத்தாது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்பேன் என்கிறவன் ஒருநாள் மாட்டிக்கொள்வான். தேர்ந்த ஏமாற்றுக்காரனின் முதல் வேலையே உங்களுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஆளைப் பார்ப்பது என்றால் முகத்தைப் பார்ப்பது இல்லை. அண்ணாச்சி காலையும் கையையும் பார்ப்பார். தினம் ஓட்டுகிறவனின் கால் குனிந்து பார்க்காமலே சைடு ஸ்டாண்டைத் தேடிப்போகும். சோக்கை எவ்வளவு இழுத்தால் காலையில் வண்டி பிடிக்கும் என்று அவன் கைக்குத் தெரியும். ஒருமுறை நன்றாக உடுத்திய ஒரு பையன் ஒரு ஸ்பிளெண்டரை விற்கக் கொண்டுவந்தான். விலையும் குறைவாகக் கேட்டான். அண்ணாச்சி அவனிடம், "தம்பி, சைடு பாக்ஸைக் கொஞ்சம் திறங்க, டூல்ஸ் இருக்கான்னு பாப்போம்" என்றார். சாவியை எந்தப் பக்கம் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியாக எந்தக் கடையில் ஆயில் மாற்றினீர்கள், இரண்டாவது சாவி எங்கே என்று அடுத்தடுத்துக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவன் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏல, விலை குறைச்சுக் கேட்டா சந்தோசப்படாத. ஏன் குறைக்கான்னு கேளு" என்றார்.

இது வெறும் சாமர்த்தியத்துக்காகச் சொல்வதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கவனிக்காமலோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சந்தை விலையில் பாதிக்கு வருகிற பொருளை ஏன் வாங்கினாய் என்று காவல் நிலையத்தில் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். கைபேசிக்கும் அதே கதைதான். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்று எழுதி, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கைபேசியின் நிலை தெரிந்துவிடும். விற்கிறவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண் முன்னால் நீக்கித் தர வேண்டும். மறந்துவிட்டது என்றால் வாங்காதீர்கள்.

வீட்டிலிருந்தே விற்கிறவர்களுக்கு, முக்கியமாகத் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சந்திக்கிற இடத்தை நீங்கள் சொல்லுங்கள். பகல் நேரம், கேமரா இருக்கிற பெட்ரோல் பங்க், ஆள் நடமாட்டமுள்ள டீக்கடை வாசல், காவல் நிலையத்துக்கு எதிர்ப்புறம் போன்ற இடங்கள் நல்லவை. துணைக்கு ஒருவர் வரட்டும். விளம்பரப் படத்தில் வீட்டுக் கதவு எண்ணும் பிள்ளைகளும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நான் வர நேரமாகும், ராத்திரி வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்" என்பவரிடம், காலையில் வாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வண்டி உண்மையிலேயே வேண்டியவர் காலையில் வருவார்.

அடுத்தது தாள். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று அசலாக இருக்க வேண்டும். நகலைக் காட்டி, அசல் ஊரில் இருக்கிறது என்றால் ஊரிலிருந்து வந்த பிறகு பேசலாம். ஆர்.சி.யில் உள்ள பேரும் எதிரில் இருப்பவரின் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எத்தனை நாள் செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, அபராதம் நிலுவையா என்று பார்த்துவிடலாம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்காமல் வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் நிறைய.

தாளில் அதிகம் பேர் தடுக்கி விழுவது ஹெச்.பி. என்கிற கடன் பதிவில். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பேர் ஏறியிருக்கும். கடைசித் தவணையைக் கட்டியதோடு அந்தப் பேர் தானாக அழியாது. பைனான்ஸில் என்.ஓ.சி. வாங்கி, 35-ஆம் நம்பர் படிவத்தில் அவர்கள் கையெழுத்தும் பெற்று, ஆர்.டி.ஓ. ஆபீசில் கேன்சல் செய்ய வேண்டும். கடன் முடிந்துவிட்டது என்று வாய்ச் சொல்லை நம்பி வாங்கிய ஒரு காய்கறி வியாபாரியின் வண்டியை, சந்தை வாசலில் வைத்தே சீசிங் ஆட்கள் எடுத்துப் போனார்கள். காய்க் கூடையை இறக்கி வைக்கக்கூட அவருக்கு நேரம் தரவில்லை. அவர் என்னிடம் வந்தபோது தாளைப் பார்த்தேன். ஹெச்.பி. வரி அப்படியே இருந்தது. வாங்கும்போது அதை வாசித்துச் சொல்ல அவருக்கு ஒருவரும் இல்லை.

தாளை வாங்குவதில் எவ்வளவு கவனமோ அதே கவனம் கொடுப்பதிலும் வேண்டும். ஆர்.சி., ஆதார் படங்களைக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் படங்களை வைத்தே அடுத்த ஊரில் ஒருவன் உங்கள் பேரில் உங்கள் வண்டியை விற்பான். ஆதார் தர வேண்டி வந்தால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலை ஆதார் தளத்திலிருந்தே எடுக்கலாம். நகலின் குறுக்கே தேதியையும் "இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்" என்பதையும் எழுதிக் கொடுங்கள். நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டி விமான நிலைய பார்க்கிங்கில் நிற்கிறது, முன்பணம் போட்டால் அனுப்பி வைக்கிறேன் என்று சீருடைப் படத்தோடு வருகிற விளம்பரம் பல ஊர்களைச் சுற்றி வந்த மோசடி. கண்ணால் பார்க்காத வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் கிடையாது. 500 ரூபாய்கூட வேண்டாம்.

இப்போது இரும்பு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அண்ணாச்சி சேஸிஸ் நம்பரை முதலில் படிக்க மாட்டார். ஹேண்டில் கழுத்தில் எண் அடித்த இடத்தைத் துணியால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் தடவுவார். கம்பெனியில் அடித்த எழுத்து ஒரே ஆழத்தில் இருக்கும். அரம் போட்டு ராவிய இடத்தில் இரும்பு கொஞ்சம் குழிந்து, நகம் வழுக்கும். அங்கே மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் அது இன்னொரு அடையாளம். பிறகுதான் மேலே தாளை ஒட்டிப் பென்சிலால் உரசிப் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். என் நகத்துக்கு அந்த வித்தியாசம் பிடிபடப் பல மாதம் ஆனது. நல்ல வண்டிகளை மட்டுமே தடவிக்கொண்டிரு, கெட்டது வரும்போது விரல் தானே நிற்கும் என்றார். அப்படியே நடந்தது.

இன்றைய வண்டிகளுக்குச் சேஸிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பும் என்பதால் அவற்றை விட்டுவிட்டார்கள். தொடக்கமும் கம்பெனிக்கு ஒன்று. டி.வி.எஸ். என்றால் பொதுவாக எம்டி6, பஜாஜ் எம்டி2, ஹீரோ எம்பிஎல், ஹோண்டா எம்இ4. பஜாஜ் வண்டியின் கழுத்தில் வேறு கம்பெனியின் எழுத்து இருந்தால் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். எஞ்சின் நம்பரையும் இதேபோல் ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் எங்கள் மாவட்டமும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. அதற்கடுத்த மாதங்களில் தண்ணீரில் கிடந்த வண்டிகள் கழுவி, பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்தன. வெளியே பளபளப்பு. ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே மண் கோடு. சீட்டைக் கழற்றினால் ஸ்பாஞ்சுக்குள் வண்டல். ஒயரிங் கப்ளரைப் பிரித்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளையும் வாங்கி வேலை பார்த்து விற்றேன். மழையில் எல்லாம் இழந்தவருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. வாங்கியவரிடம் இது வெள்ளத்தில் நின்ற வண்டி, இன்னின்ன மாற்றியிருக்கிறேன், ஒயரிங் ஒருநாள் தொல்லை தரலாம் என்று சொல்லி, விலையைக் குறைத்து, டெலிவரி நோட்டிலும் எழுதினேன். குறையைச் சொன்னதால் விற்பனை கெட்டதில்லை.

ஓட்டிப் பார்க்கத் தருவது இரும்பில் கடைசிக் கட்டம். என் ஷெட்டில் வேலை பார்த்த பையன் ஒருநாள் நான் இல்லாத நேரத்தில், வந்தவர் தன் பையை வைத்துவிட்டுப் போகிறாரே என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டான். போனவர் திரும்பவில்லை. பையைத் திறந்தால் பழைய செய்தித்தாள்தான் இருந்தது. வண்டி வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றதால் அன்று மாலையே கிடைத்தது. டேங்கில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குமேல் ஓடாதபடி பெட்ரோல் வைப்பது அண்ணாச்சி காலத்துப் பழக்கம். அது காப்பாற்றியது. வந்தவரின் அசல் லைசென்ஸ், அவர் ஏறி வந்த வண்டியின் சாவி இரண்டும் உங்கள் கைக்கு வந்த பிறகு, பின்னால் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து போகட்டும். வாங்கப் போகிறவரும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒருவர் மேல் இடித்தால் ஆயுளுக்கும் கடன்.

பணம் வாங்குவதில் இப்போது அதிகம் கெடுவது கைபேசி வழி. இதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் போட வேண்டும், வாங்குவதற்குத் தேவையே இல்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதும் கொடுக்கிறவர் வேலை. "ஸ்கேன் பண்ணுங்க, உங்க கணக்குல பணம் ஏறும்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் போனது என்று அவர் கைபேசியில் காட்டுகிற பச்சைத் திரையையும் நம்ப வேண்டாம். அதைப் போலியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு ஏறியதா என்று பார்த்துவிட்டுச் சாவியை நீட்டுங்கள். ரொக்கம் என்றால் வங்கிக் கவுன்டருக்கு இருவரும் போய் அங்கேயே எண்ணிக் கட்டுவது நல்லது. கள்ள நோட்டுப் பயமும் போகும், வழியில் பறிகொடுக்கும் பயமும் போகும்.

ஒரு பள்ளி ஆசிரியர் தன் ஸ்கூட்டருக்கு 48,000 ரூபாய் என்று விளம்பரம் போட்டார். பேரமே பேசாமல் ஒருவன் ஒப்புக்கொண்டான். என் மச்சான் வந்து பார்ப்பார், எங்களுக்குள் வேறு கணக்கு இருக்கிறது, அவரிடம் விலை பேச வேண்டாம் என்றான். அவனே அதே படங்களைப் போட்டு, தன் வண்டி என்று 35,000-க்கு இன்னொரு விளம்பரம் கொடுத்திருந்தான். அதைப் பார்த்துக் கேட்ட ஒரு கட்டடத் தொழிலாளியிடம், வண்டி என் அக்கா வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அவரிடம் விலையைச் சொல்லாதீர்கள் என்றான். இரண்டு பேரும் சந்தித்தார்கள். வண்டி பிடித்தது. தொழிலாளி அவன் சொன்ன எண்ணுக்குப் பணத்தைப் போட்டுவிட்டுச் சாவி கேட்டார். ஆசிரியருக்கு ஒரு பைசா வரவில்லை. ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொண்டே என் ஷெட்டுக்கு வந்தார்கள். இருவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, உடனே 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிய வைத்தேன். சீக்கிரம் சொன்னதால் பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் நிறுத்தி வைக்க முடிந்தது. இதற்கு இரண்டு விதிதான். விலையை வாங்குகிறவரும் விற்கிறவரும் நேருக்கு நேர், வாய்விட்டுப் பேச வேண்டும். ஆர்.சி.யில் எந்தப் பேரோ அந்தப் பேருள்ள கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும்.

பணம் கைமாறியதும் எல்லாரும் எழுந்து கை கொடுப்பார்கள். அண்ணாச்சி மட்டும் எழ மாட்டார். விற்ற வண்டிக்குப் பேர் மாறாவிட்டால் அது இன்னும் விற்றவருடைய வண்டிதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 50-ஆம் பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். விற்பனையைத் தெரிவிக்க 29-ஆம் படிவம், பேர் மாற்ற 30-ஆம் படிவம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பேருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் வழக்கில், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டியை அவர் எப்போதோ விற்றுவிட்டார். பேர் மட்டும் அவரிடமே இருந்தது.

அதனால் நிரப்பாத 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான் என்று சொல்வார்கள். வாங்குகிறவரின் பேர், முகவரி, தேதி எல்லாம் எழுதிய பிறகே கையெழுத்து. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். கன்சல்டிங்கில் விட்டால், 2023 ஏப்ரல் முதல் வந்த மத்திய விதிப்படி கடைக்காரருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவிக்கலாம்.

கணவரை இழந்த ஓர் அம்மா, இறந்தவருடைய வண்டியை விற்க வந்தார். வெளியே ஒருவர், பேர் மாற்றமெல்லாம் தேவையில்லை, பழைய தேதி போட்டு இறந்தவர் கையெழுத்தை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி விலையைக் குறைத்திருந்தார். நான் வாரிசுச் சான்றிதழ் வாங்கச் சொன்னேன். 31-ஆம் படிவத்தில் அம்மா பேருக்கு மாற்றி, அதன்பின் விற்றுக் கொடுத்தேன். பல வாரம் இழுத்தது. நியாயமான விலை கிடைத்தது, இறந்தவர் பேரில் ஒரு பொய்க் கையெழுத்தும் விழவில்லை. இந்தத் தொழிலில் நான் பெருமைப்படுகிற வேலைகளில் அது ஒன்று.

அண்ணாச்சி ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி, வரியின் கடைசிக் கட்டம் பேர் மாறிய தேதிக்கு. காலையில் கடை திறந்ததும் காலியாக இருக்கிற கட்டங்களுக்கு உரியவர்களைக் கூப்பிட்டு, படிவம் கொடுத்தாச்சா, கார்டு வந்தாச்சா என்று கேட்பது என் வேலை. அந்தக் கட்டம் நிரம்பும்வரை கமிஷன் வாங்க மாட்டார். நானும் அப்படியே செய்கிறேன். தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளே, நீங்களும் கமிஷனைப் பேர் மாறிய பிறகு வாங்குங்கள். முதல் வருடம் கை இறுக்கமாகத்தான் இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் வாங்கும் பணத்துக்காகவாவது நடுவில் உள்ள எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்வீர்கள்.